நான்காம் வேற்றுமையும் இடப்பொருளும்: இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்தலில் அறிதிறன் மொழியியல்

இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தமிழ் பயிலும்போது தொடக்க நிலையிலேயே ‘கு’ உருபைக் கற்றுவிடுகிறார். இந்தியின் ‘கோ’ உருபும் தமிழின் ‘கு’ உருபும் பயன்பாட்டில் பெரிதும் ஒத்திருப்பதால் அவருக்கு இடர்ப்பாடு எதுவும் தோன்றுவதில்லை. ‘பாயீ கோ பைஸே தியே’ என்னும் இந்தித் தொடர் ‘தம்பிக்குப் பணம் கொடுத்தான்’ என்று எளிதில் தமிழாகிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அவர் ‘தம்பியிடம் பணம் கொடுத்தான்’ என்னும் தொடரைப் படிக்க நேர்கிறது. இரண்டும் ஒன்றுதானா என்று ஆசிரியரைக் கேட்கிறார். உருபு அட்டவணைகளில் இக்கேள்விக்கு விடை இல்லை. ‘இரண்டும் ஒன்றே’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் வகுப்பு மேலே நகரும். ஆனால் அவ்விடை தவறு.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் பிழைபடக் கையாளுவதில்லை. தம்பிக்குக் கொடுத்த பணம் தம்பியின் பயன்பாட்டுக்கு உரியது. தம்பியிடம் கொடுத்த பணம் அவன் கையில் சேர்ந்தது. அது வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம், அவன் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டியதாகவும் இருக்கலாம். சிறுவர்கள் கூட ‘எனக்குக் கொடு’ என்பதையும் ‘என்னிடம் கொடு’ என்பதையும் இடமறிந்து பயன்படுத்துகின்றனர். முன்னது தின்பண்டத்துக்கு, பின்னது, சுமக்க முடியாமல் ஒருவர் தூக்கி வரும் பைக்கு.

இத்தகைய வேறுபாடுகளை விளக்கவும் கற்பிக்கவும் அறிதிறன் மொழியியல் எவ்வளவு பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோட்பாட்டுப் பின்புலம்

மனித மனம் உலகை உணர்ந்து, வகைப்படுத்தி, நினைவில் கொள்ளும் பொது ஆற்றல்களிலிருந்து மொழி அமைப்பைப் பிரித்தறிய இயலாது என்பது அறிதிறன் மொழியியலின் அடிப்படைக் கொள்கை. 1970களில் உளவியலாளர் எலினார் ராஷ் வகைப்பாடு பற்றி நிகழ்த்திய ஆய்வுகள் இதற்கு ஓர் ஊற்று. ஒரு வகையின் உறுப்புகள் அனைத்தும் சமநிலையில் இருப்பதில்லை. சில நடுவில் நிற்கின்றன, சில விளிம்பில் நிற்கின்றன என்று அவர் காட்டினார். ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980-இல் வெளியிட்ட நூல், உருவகம் என்பது செய்யுள் அணி மட்டுமன்று, அன்றாடச் சிந்தனையின் வழி என்று வாதிட்டது. ரோனல்ட் லாங்காக்கர் 1987-இலும் 1991-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட அறிதிறன் இலக்கணம், இலக்கண உருபுகளும் பொருளுடையவையே என்றும், ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு நோக்கில் காட்டுவதே அவற்றின் பணி என்றும் நிறுவ முயன்றது.

மொழி ஆசிரியருக்கு இவற்றுள் பெரிதும் பயன்படுவது இறுதியில் கூறப்பட்ட கருத்து. உருபுக்குப் பொருள் உண்டு என்றால் அதை விளக்கலாம்; பொருள் இல்லை என்றால் மனப்பாடம் செய்விப்பதைத் தவிர வழியில்லை.

1969-இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதன் மண்டல மொழி மையங்களும் பிற மாநில ஆசிரியர்களுக்குப் பத்து மாதப் பயிற்சியில் இந்திய மொழிகளைக் கற்பித்து வந்துள்ளன. அதற்கென எழுந்த பாடநூல்கள் பெரும்பாலும் அமைப்பு மொழியியலின் வழிப்பட்டவை. உரையாடல், தொடரமைப்புப் பயிற்சி, பதிலீட்டுப் பயிற்சி, சொற்றொகுதி, குறிப்பு என்று அவை அமைந்தன. நாவுக்குப் பழக்கம் ஏற்படுத்துவதில் அம்முறைக்கு இணை இல்லை. அதை இகழ்வது இன்று எளிதாகிவிட்டதே தவிர நியாயமன்று. எனினும் பதிலீட்டுப் பயிற்சியில் ‘தம்பிக்கு’ என்ற இடத்தில் ‘தம்பியிடம்’ என்று மாற்றினாலும் தொடர் இலக்கணப் பிழையின்றியே நிற்கும். பிழை நேராத இடத்தில் பயிற்சி எதையும் கற்பிப்பதில்லை.

‘கு’ உருபின் நடுப்பொருள்

நான்காம் வேற்றுமையின் பொருளைக் கொள்ளுதல் என்னும் கருத்தில் தொல்காப்பியம் அடக்கிக் காட்டுகிறது. நன்னூல் கொடை, பகை, தகுதி, பொருட்டு முதலாகப் பல பொருள்களைச் சுட்டி, இறுதியில் அவை எல்லாவற்றையும் தழுவுமாறு, ஒன்றுக்கென மற்றொன்று அமைதல் என்னும் பொதுப்பொருளையும் கூறுகிறது. தனித்தனிப் பயன்களையும் அவற்றின் மேல் நிற்கும் பொதுத் திட்டத்தையும் ஒருங்கே காணும் இந்நோக்கு இன்றைய ஆய்வாளர்க்கு வியப்பளிக்கும். பவணந்தியாரை அறிதிறன் மொழியியலார் என்று அழைப்பது வீண்பெருமையாகும். ஆனால் அவர் தந்த பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு பொதுப்பொருளை விட்டுவிடும் இன்றைய பாடநூல் முறை அவருக்கும் நேர்மை செய்வதன்று.

இக்காலத் தமிழில் ‘கு’ உருபின் பயன்களைப் பின்வருமாறு ஓர் ஒழுங்கில் வைத்துக் காணலாம். ‘மதுரைக்குப் போனான்’ என்பதில் உருபு இயக்கத்தின் சேரிடத்தைக் காட்டுகிறது. ‘தம்பிக்குக் கொடுத்தான்’ என்பதில் பொருள் போய்ச் சேரும் ஆளைக் காட்டுகிறது. ‘தலைவலிக்கு மருந்து’ என்பதில் இயக்கம் இல்லை, நோக்கமே சேரிடமாகிறது. ‘பத்து ரூபாய்க்கு வாங்கினான்’ என்பதில் பொருளுக்கு எதிராக வைக்கப்படும் விலையையும், ‘ஆறு மணிக்கு வந்தான்’ என்பதில் காலக்கோட்டின் ஒரு புள்ளியையும், ‘மதுரைக்கு வடக்கே’ என்பதில் திசையளக்கும் நிலைப்புள்ளியையும் அதே உருபு காட்டுகிறது. ஒரு நடுப்பொருளிலிருந்து ஆரங்கள் போலப் பிரிந்து செல்லும் இத்தகைய அமைப்பை லேகாஃப் 1987-இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வமைப்பில் ஓர் இடைவெளி உண்டு. பயிலுநர் தடுமாறுவது அவ்விடத்திலேதான். ‘பள்ளிக்குப் போனான்’ என்பது சரி. ‘ஆசிரியருக்குப் போனான்’ என்பது தமிழன்று. ‘ஆசிரியரிடம் போனான்’ என்றே சொல்ல வேண்டும். சேரிடம் ஊராகவோ கட்டடமாகவோ இருக்கும்போது ‘கு’ ஏற்கும். அது மனிதராக மாறும்போது ‘இடம்’ வேண்டும். மனிதர் ‘கு’ ஏற்கும்போது வெறும் சேரிடமாக நிற்பதில்லை. பயன் பெறுபவராக, நுகர்பவராக, உரியவராக ஆகிவிடுகிறார். ஆதலால் வெறும் இயக்கத்தைக் கூற அவரை ஓர் இடமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகவே ‘இடம்’ என்னும் சொல் அங்கு வந்து நிற்கிறது.

பேச்சுத் தமிழ் இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. ‘ஆசிரியர்கிட்ட போனான்’ என்பதில் உள்ள ‘கிட்ட’ அருகாமையைக் குறிக்கும் சொல். எழுத்து வழக்கு இடத்தையும் பேச்சு வழக்கு அண்மையையும் உருபாக்கிக்கொண்டிருப்பினும் இரண்டின் கருத்துப் படிமமும் ஒன்றே: ஒருவரைச் சூழ்ந்த வெளி. இவ்விரட்டை வழக்கைத் தமிழ் கற்போருக்கு வந்த சுமையாகவே பேசுவது வழக்கம். இவ்விடத்தில் அது துணையாகிறது. ‘கிட்ட’ என்னும் பேச்சு வடிவத்தை முதலில் கற்றவர்க்கு ‘இடம்’ உருபின் பொருளை விளக்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

இந்தி பேசுவோருக்குத் தம் மொழியிலேயே இதற்கொரு பிடி உண்டு. ‘மேரே பாஸ் பைஸே ஹைன்’ என்று அவர்கள் கூறும்போது ‘பாஸ்’ என்பதும் அண்மையே. ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்பதற்கு அது நேரானது. உறவினரைக் கூறும்போது அவர்கள் ‘மேரே தோ பாயீ ஹைன்’ என்று ஆறாம் வேற்றுமையைப் பயன்படுத்துவர். தமிழ் ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்று நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்தும். ‘அவளுக்கு இரண்டு குழந்தைகள்’ என்றால் அவள் தாய். ‘அவளிடம் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்’ என்றால் அவள் பராமரிப்பவள். தாயாக இருக்க வேண்டிய தேவையில்லை. கொடுத்தல் வினையில் மட்டும் இந்தி இரண்டையும் ‘கோ’வில் அடக்கிவிடுகிறது. அங்கேதான் பிழை பிறக்கிறது.

இணைத் தொடர்களாகக் கற்பித்தால் வேறுபாடு விரைவில் மனத்தில் படியும். ‘அவருக்கு வாங்கினேன்’ என்பதில் அவர் பெறுபவர். ‘அவரிடம் வாங்கினேன்’ என்பதில் அவர் விற்றவர் அல்லது தந்தவர். ‘அவருக்கு அனுப்பினேன்’ என்பதில் அவரே முடிவிடம். ‘அவரிடம் அனுப்பினேன்’ என்பதில் அவர் கைமாற்றும் ஆளாகவும் இருக்கலாம். ‘அவரிடம் கேட்டேன்’ என்பது வினாவுதல். ‘அவருக்குக் கேட்டேன்’ என்பது அவர் பொருட்டு வேண்டுதல். ‘அவருக்குக் கேட்டது’ என்பதோ செவியுறுதல். ‘அவனுக்கு என்னிடம் கோபம்’ என்னும் ஒரே தொடரில் இரு உருபுகளும் தத்தம் வேலையைச் செய்கின்றன: கோபத்தை உணர்பவன் ‘கு’ ஏற்கிறான், கோபம் சென்று படியும் ஆள் ‘இடம்’ ஏற்கிறார். வாங்குதல், கேட்டல் ஆகிய வினைகளுக்கு இந்தி ‘ஸே’ உருபைப் பயன்படுத்துவதாலும், ‘ஸே’ கருவிப்பொருளையும் தருவதாலும் ‘அவரால் வாங்கினேன்’ என்னும் பிழை எதிர்பார்க்கத்தக்கதே.

உணர்பவர் எழுவாயாகாத தொடர்கள்

‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்பன போன்ற தொடர்கள் தெற்காசிய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான அமைப்பு. 1956-இல் எமனோ இந்தியாவை ஒரு மொழிப்புலமாகக் கண்டு எழுதிய கட்டுரையும், 1976-இல் மாசிக்காவின் நூலும் ஆய்வாளர் கவனத்தை இத்தகைய பொதுமைகளின்பால் திருப்பின. ஆங்கில வழியில் தமிழ் கற்கும் வெளிநாட்டவர்க்கு இது புதுமை. இந்திய மொழியினருக்குப் பெரும்பாலும் பழக்கமானது. இந்தியில் ‘குஸ்ஸா ஆயா’, ‘நீந்த் ஆயீ’, ‘யாத் ஆயா’ என்பவற்றைத் தமிழில் ‘கோபம் வந்தது’, ‘தூக்கம் வந்தது’, ‘நினைவு வந்தது’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம். உணர்வு வெளியிலிருந்து வருவது, மனிதர் அது வந்து சேரும் இடம் என்னும் உருவகக் கருத்தாக்கம் இரு மொழிகளுக்கும் பொது.

பொதுமை உள்ள இடத்தில் ஆசிரியர் நேரம் செலவிட வேண்டியதில்லை. வேறுபடும் இடங்கள் சிலவே. ‘மைன் ஜான்தா ஹூன்’ என இந்தி எழுவாயில் கூறுவதைத் தமிழின் அன்றாட வழக்கு ‘எனக்குத் தெரியும்’ என்று கூறுகிறது. ‘நான் அறிவேன்’ என்பது இலக்கிய நடை. வங்க மொழியில் பசி, தாகம் முதலியவற்றை உணர்பவர் ஆறாம் வேற்றுமை ஏற்பார். ஆதலால் வங்காளியர் ‘என்னுடைய பசிக்கிறது’ என்று தொடங்கக்கூடும். மலையாளியர்க்கும் கன்னடியர்க்கும் இதில் கற்பிக்க ஒன்றுமில்லை.

வேற்றுமை மாற்றத்தோடு வரும் நோக்கு மாற்றமே உயர்நிலைப் பயிலுநர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பாடம். ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பவர் கோபத்துக்கு இடமானவர். ‘நான் கோபப்பட்டேன்’ என்பவர் அதற்கு ஓரளவு பொறுப்பேற்கிறார். ‘நான் கோபித்துக்கொண்டேன்’ என்பவர் அதைச் செயலாகவே காட்டிவிட்டவர். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் கதைகளில் மாந்தர் எல்லாரும் அஞ்சினார்கள், வருந்தினார்கள், நினைத்தார்கள் என்று எழுவாயிலேயே உணர்ந்துகொண்டிருப்பது நடையின் அயன்மைக்கு ஒரு காரணம். சொற்கள் தமிழாக இருந்தும் நோக்கு தமிழாக இல்லை.

துணைவினையில் ஒரு சான்று

வேற்றுமைக்குப் பொருந்துவது துணைவினைக்கும் பொருந்தும். இத்துறையில் ஷிஃப்மன் 1969-இல் எழுதிய ஆய்வேடும் அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட நூலும் அடித்தளம் அமைத்தவை. இங்கு ஒரு துணைவினையை மட்டும் காண்போம். இந்தியில் ‘மர் கயா’, ‘டூட் கயா’, ‘ஆ கயா’ ஆகிய மூன்றிலும் ‘போ’ என்னும் பொருளுடைய வினையே துணையாக வருகிறது. முதலிரண்டும் ‘செத்துப்போனான்’, ‘உடைந்துபோயிற்று’ என்று தமிழில் நேராக வரும். மூன்றாவதை அவ்வாறே ‘வந்துபோனான்’ என்று பெயர்த்தால் வந்தவனைத் திருப்பி அனுப்பியதாகிவிடும். அங்கு வேண்டியது ‘வந்துவிட்டான்’.

தமிழில் ‘போ’ துணைவினையாகும்போது ஒன்று தன் இயல்பு நிலையை விட்டு நீங்குவதைக் காட்டுகிறது: கெட்டுப்போ, காய்ந்துபோ, களைத்துப்போ. இழப்புப் பொருள் என்று இதற்குப் பெயரிட்டால் ‘மகிழ்ந்துபோனான்’, ‘அசந்துபோனான்’ என்பவை இடறும். மகிழ்ச்சியில் இழப்பு இல்லை. தன் வயம் இழத்தல் உண்டு. இயல்பு நிலையிலிருந்து தன்னையறியாமல் அகன்று செல்லுதல் என்னும் படிமம் இவை அனைத்தையும் தழுவுகிறது. வருதல் என்னும் வினை பேசுவோரை நோக்கியது. அதனோடு அகலுதல் சேரும்போது இரு தனி நிகழ்ச்சிகளாகவே பொருள்படுகின்றது. ‘விடு’ என்பதோ பிடியிலிருந்து விடுவித்தலை அடியாகக் கொண்டு நிகழ்ச்சி முடிந்து கைவிட்டுப் போனதைக் காட்டுவது; திசைச்சார்பு இல்லாதது. ஆதலால் அது எல்லா வினைகளோடும் எளிதில் சேர்கிறது.

வகுப்பறையும் வரம்புகளும்

இவ்விளக்கங்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும்போது எச்சரிக்கை தேவை. மொழியியலார் வரையும் ஆர வரைபடம் பேசுவோர் மனத்திலும் அப்படியே இருக்கிறதா என்னும் ஐயத்தைச் சாண்ட்ராவும் ரைஸும் 1995-இல் வலுவாக எழுப்பினர். ‘கு’ உருபின் பத்துப் பயன்களையும் அம்புக்குறிகளால் இணைத்துக் கரும்பலகையில் வரைந்தால் பயிலுநர் கற்பது தமிழன்று, வரைபடம். பழைய பட்டியலின் இடத்தைப் புதிய பட்டியல் பிடித்துக்கொள்ளும்.

மறுபுறம், விளக்கத்தால் பயன் உண்டு என்பதற்குச் சான்றுகளும் உள. ஃபிராங்க் போயர்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில உருவகத் தொடர்களை அவற்றின் அடிப்படை உருவகங்களின்கீழ் தொகுத்துக் கற்ற மாணவர்கள் சொற்களை மேலும் நன்றாக நினைவிற்கொண்டனர் என்று காட்டினார். அங்கும் ஆசிரியர் செய்தது கோட்பாட்டைக் கற்பித்ததன்று. தொகுக்கும் முறையை மாற்றியதே.

தமிழ் கற்பித்தலிலும் அதுவே தக்கது. ‘தம்பிக்கு’, ‘தம்பியிடம்’ இரண்டையும் வெவ்வேறு பாடங்களில் வைக்காமல் ஒரே பாடத்தில் எதிரெதிரே வைக்கலாம். ஆசிரியர் ஒரு புத்தகத்தை ஒரு மாணவரிடம் நீட்டி ‘இதை மாலாவுக்குக் கொடுங்கள்’ என்றும், பின்னர் ‘இதை மாலாவிடம் கொடுங்கள், அவர் நூலகத்தில் சேர்த்துவிடுவார்’ என்றும் கூறினால் விளக்கவுரைக்கு வேலை இல்லை. சொற்றொகுதியிலும் இம்முறை உதவும். இந்தியில் ‘தோட்னா’ என்னும் ஒரு வினை குச்சிக்கும் குடத்துக்கும் கயிற்றுக்கும் பூவுக்கும் வரும்; தமிழில் குச்சியை ஒடிக்கிறோம், குடத்தை உடைக்கிறோம், கயிற்றை அறுக்கிறோம், பூவைப் பறிக்கிறோம். இவ்வினைத் தொகுதியை இரு மொழிகளிலும் ஒப்பிட்டுப் புவனா நரசிம்மன் 2007-இல் ஆய்ந்துள்ளார். பொருளின் உருவும் பிரியும் விதமும் தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை அகராதியைவிட ஒரு குச்சியும் ஒரு கயிறும் விரைவாகக் கற்பிக்கும்.

மொழிபெயர்ப்பில் உருபின் பொறுப்பு

கொடுத்தலுக்கும் ஒப்படைத்தலுக்கும் உள்ள வேறுபாடு வகுப்பறைக்கு வெளியே மிகக் கனமானது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம், ஒரு பெண்ணின் சீதனப் பொருள்கள் கணவரிடமோ அவர் வீட்டாரிடமோ இருப்பினும் அவை அவளுடைய முழு உடைமையே என்றும், ஒப்படைக்கப்பட்டவற்றைத் திருப்பித் தர மறுப்பவர்மீது நம்பிக்கை மோசடிக் குற்றம் சாட்டலாம் என்றும் தீர்ப்பளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டிருந்த இக்குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. இரண்டிலும் குற்றத்தின் முதல் உறுப்பு ஒப்படைப்பு.

‘நகைகளை மாமியாரிடம் கொடுத்தேன்’ என்னும் வாக்குமூலம் ஒப்படைப்பின் பக்கம் சாய்கிறது. ‘நகைகளை மாமியாருக்குக் கொடுத்தேன்’ என்பது அன்பளிப்பின் பக்கம் சாய்கிறது. ‘ஸாஸ் கோ கஹ்னே தியே’ என்னும் இந்தித் தொடரில் இவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தின் கொடுத்தல் வினையிலும் இல்லை. தமிழில் பதிவான சாட்சியம் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாக்கப்படும்போது, மூலத்தில் இருந்த ‘இடம்’ எவருக்கும் தெரியாமல் கரைந்துபோகலாம். இந்தியிலிருந்து தமிழாக்குபவரோ, மூலத்தில் இல்லாத முடிவொன்றை உருபின் வழியே தாமாக எடுக்க நேர்கிறது. முன்னவர் வினையை மாற்றி ‘ஒப்படைத்தேன்’ என்னும் பொருள்பட எழுதலாம். பின்னவர் முன்பின் தொடர்களைப் படித்தறியாமல் உருபைத் தேர்ந்தெடுத்தல் கூடாது.

உருபு ஒன்றே உடைமையை முடிவு செய்துவிடும் என்று கொள்வதும் தவறு. ‘நண்பனுக்குப் புத்தகம் இரவல் கொடுத்தேன்’ என்பதில் ‘கு’ வந்தும் உடைமை மாறவில்லை. நண்பன் பயன்பெறுபவன் என்பதே அதன் செய்தி. ‘இடம்’ வந்த தொடரும் சூழலால் முழுக் கொடையைக் குறிக்கக்கூடும். நடுப்பொருள் என்பது சாய்வைக் காட்டும் கருவி, சான்றாவணம் அன்று.

வேறுபாடு தொலைவது இரு மொழிகளுக்கு இடையில் மட்டுமன்று. சாட்சி சொல்பவர் ‘மாமியார்கிட்ட குடுத்தேன்’ என்கிறார். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கிப் பதிவு செய்பவர், கொடுத்தல் வினைக்கு நான்காம் வேற்றுமையே இலக்கணம் என்று பள்ளியில் கற்ற நினைவில், ‘மாமியாருக்குக் கொடுத்தேன்’ என்று திருத்தி எழுதிவிட வாய்ப்புண்டு. தொடர் செம்மையாகிவிடும். அதன்கீழ்க் கையெழுத்திடும் பெண், நகைகள் இனித் தன்னுடையவை அல்ல என்று தானே ஒப்புக்கொண்டவளாகப் படிக்கப்படுவாள்.